விலக்குப் பிடிக்கும் கலங்களும் விட்டுப்போகாத வைரசும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இரத்ததானம் பற்றி எழுதும்போது, தானமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்துக்கும் பரிசோதனை நடக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தானத்தை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். பலர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு மாதிரிக் கேட்டிருந்தீர்கள், சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள் இருப்பதால் எல்லோருக்குமே இடம் மட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு 31 வயது. கட்டார் வேலைக்கு மெடிக்கல் செய்தபோது ஹெபடைட்டிஸ் பி பொசிட்டிவ் என்று வந்தது, வேலையும் போனது. ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்தேன், அதே முடிவு. ஈரல் பரிசோதனை நோர்மல். ஒரு நாள்கூடச் சுகமில்லை என்று படுத்ததில்லை. உடம்பு இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் இந்த வைரசை விரட்ட முடியவில்லை? எதிர்ப்புச் சக்தி காணாது, டொனிக் குடி என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்.

தம்பி, டொனிக்கை முதலில் ஒரு பக்கத்தில் வையுங்கள். வேலை போனது அநியாயம், அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் உங்கள் கூட்டாளிகளுக்கு விஷயம் தலைகீழாக விளங்கியிருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரல் கலத்துக்குள் புகுந்து பெருகுமே தவிர, பெரும்பாலும் அந்தக் கலத்தைத் தானாகக் கொல்வதில்லை. கொல்வது நம்முடைய ஆட்கள். வைரஸ் குடியிருக்கும் கலத்தை அடையாளம் கண்டு அழிப்பது, ரீ கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களில் சி.டி.8 என்ற வகையின் வேலை. ரிப்போர்ட்டில் ஏ.எல்.ரி. என்றோ எஸ்.ஜி.பி.ரி. என்றோ ஓர் எண் இருக்குமே, அது ஈரல் கலம் அடிபடும்போது இரத்தத்துக்குள் கசிகிற நொதியம். அந்த எண் ஏறினால் வைரஸ் பலத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள், ஆனால் பல நேரம் அது நம் பக்கத்துத் தாக்குதல் தொடங்கியதன் அடையாளம்தான். உங்களுக்கு அது நோர்மல் என்றால் ஒன்றில் வைரஸ் மிகக் குறைவாக இருக்கிறது, இல்லாவிட்டால் வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தும் அதை அடிக்க யாரும் போகவில்லை. இரண்டு நிலையும் ஏ.எல்.ரி. ரிப்போர்ட்டில் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இரத்தத்தில் வைரசின் டி.என்.ஏ. எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அது இல்லை. அடுத்த கிளினிக்கில் முதலில் அதைக் கேளுங்கள்.

சரி, ஏன் அடிக்கப் போகவில்லை? இங்கேதான் ஒழுங்குபடுத்தும் ரீ கலங்கள் வருகின்றன. ஒழுங்கையில் சண்டை வந்தால் அடிக்கிறவனும் அடிவாங்குகிறவனும் மட்டும் அங்கே இருப்பதில்லை, விலக்குப் பிடிக்கிறவர்கள் சிலரும் ஓடிவருவார்கள். யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் விசாரிப்பதில்லை, சண்டை பெருத்து வீட்டுச் சாமான் உடைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுடைய கவலை. நம் இரத்தத்தில் சி.டி.4 என்று இன்னொரு வகை ரீ கலங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இப்படி விலக்குப் பிடிக்கிற கலங்கள். அவை இல்லாவிட்டால் நம் நிர்ப்பீடனத் தொகுதி, எதிர்ப்புச் சக்தி என்கிறோமே அதுதான், நம் உடம்பையே தின்றுவிடும், அதற்கான ஆதாரத்தைக் கீழே வெள்ளவத்தை ரீச்சருக்கு எழுதியிருக்கிறேன்.

அவை எப்படித் தடுக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாக்குகிற ரீ கலம் பெருகுவதற்கு இன்டர்லூக்கின்-2 என்ற ஒரு இரசாயனச் செய்தி வேண்டும். ஒழுங்குபடுத்தும் கலங்களின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கும் வாங்கிகள் ஏராளமாக இருப்பதால், மற்றவர்களுக்குப் போக விடாமல் அதை அவையே உறிஞ்சி எடுத்துவிடுகின்றன. அப்புறம் சி.ரி.எல்.ஏ-4 என்ற ஒரு புரதம். வைரசின் துண்டைத் தூக்கிக்காட்டி மற்றக் கலங்களை உசுப்பேற்றுகிற கலங்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் இருக்கும் உசுப்பேற்றும் மூலக்கூறுகளையே இந்தப் புரதம் உரித்து எடுத்துவிடும். போதாததற்கு இன்டர்லூக்கின்-10, ரி.ஜி.எஃப்-பீட்டா என்று அடக்கிவைக்கும் இரசாயனங்களையும் சுரக்கின்றன. இவ்வளவும் சேர்ந்தால் சி.டி.8 கலம் வைரஸ் இருக்கும் கலத்துக்குப் பக்கத்திலேயே நின்றாலும் கையோங்காது.

இதெல்லாம் ஈரலில் நடப்பது இன்னும் வசதி, ஏனென்றால் ஈரலின் சுபாவமே அமைதியானது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால்வாசி குடலிலிருந்து வாயினாளம் வழியாக வருகிறது. நேற்று இரவு சாப்பிட்ட கொத்துரொட்டியின் புரதத் துணுக்கும் குடலில் வாழும் பக்டீரியாவின் உடைந்த துண்டும் எந்நேரமும் அதற்குள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் போர்ப்பறை அடித்தால் ஈரல் ஒரு கிழமை தாங்காது. அதனால் பொறுத்துப்போவதுதான் அதன் இயல்பான நிலை. 1969 இல் கேம்பிரிட்ஜில் ரோய் கான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பன்றிகளுக்கு ஈரல் மாற்றிப் பார்த்தபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்காமலேயே பல பன்றிகள் அந்நிய ஈரலை ஏற்றுக்கொண்டன. சிறுநீரகம் மாற்றினால் அப்படி நடக்காது. இப்படிப்பட்ட உறுப்பைத் தேடிக் குடிவந்திருக்கிறது ஹெபடைட்டிஸ் பி. இடம் பார்த்து வீடு எடுத்த வைரஸ்.

இன்னொன்று, தொற்றிய வயது. பிறந்த கையோடு தொற்றிய பிள்ளைகளில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக வைரசைச் சுமப்பார்கள், வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் தங்கும். சிசுவின் நிர்ப்பீடனத் தொகுதி இயல்பாகவே விலக்குப் பிடிக்கும் பக்கம் சாய்ந்திருக்கும், தாயின் வயிற்றுக்குள் ஒன்பது மாதம் சண்டையில்லாமல் இருக்க வேண்டுமே. அந்தப் பருவத்தில் வரும் வைரசையும் அது வீட்டு ஆள் மாதிரி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நீங்கள் நோய் என்று படுத்த ஞாபகமே இல்லை என்றால் சின்ன வயதில் தொற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அம்மாவையும் கூடப்பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள், குற்றம் கண்டுபிடிக்க அல்ல, அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதற்காக.

ஆனால் இந்தச் சமாதானத்தை நம்பி கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பலருக்கு இருபதுகளிலோ முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ அது குலையும். அப்போது சி.டி.8 கலங்கள் அடிக்கத் தொடங்கும், விலக்குப் பிடிக்கிறவை பாதியில் தடுக்கும், வைரஸ் மிஞ்சும், சில மாதத்தில் திரும்பவும் அடி. வெல்லாமலும் தோற்காமலும் வருடக்கணக்கில் இழுபடுகிற இந்த அரைகுறைச் சண்டைதான் ஈரலைத் தழும்பாக்கி சிரோசிஸ் வரை கொண்டுபோகிறது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சண்டையை அடக்கும் அதே ரி.ஜி.எஃப்-பீட்டாதான் ஈரலில் தழும்பு நார்களை நெய்கிற கலங்களையும் முடுக்கிவிடுகிறது. அந்தக் கட்டம் வருகிறதா என்று பார்க்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். வந்தால் டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று தினம் ஒரு குளிசை இருக்கிறது, வைரஸ் பெருகுவதை நன்றாக அடக்கும். ஈரல் கலத்தின் கருவுக்குள் வைரஸ் பதுக்கிவைக்கும் வட்ட டி.என்.ஏ.வை அது அழிக்காது, ஆகையால் பெரும்பாலோர் பல வருடம் தொடர வேண்டிவரும்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை: ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒழுங்குபடுத்தும் ரீ கலங்களுக்காக 2025 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் அல்லவா. ஒரு மாணவி கேட்டாள்: இந்தக் கலங்கள்தான் வைரசைக் காப்பாற்றுகின்றன என்றால் மருந்து கொடுத்து அவற்றை அகற்றிவிட்டால் என்ன?

ரீச்சர், அந்தப் பிள்ளை கேட்டதை ஆய்வாளர்களும் கேட்டார்கள், எலியில் செய்தும் பார்த்தார்கள். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1970களில் அடக்கும் ரீ கலங்கள் என்று ஒன்று இருப்பதாக எல்லோரும் பேசினார்கள். பிறகு ஆதாரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அந்தப் பேச்சை எடுத்தாலே ஆய்வு உலகத்தில் சிரிக்கிற நிலை வந்தது. ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. 1995 இல் அவர் காட்டியது இது: எலியின் சி.டி.4 கலங்களில் சி.டி.25 என்ற அடையாளம் உள்ளவற்றை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தை ரீ கலமே இல்லாத எலிகளுக்குக் கொடுத்தால், அந்த எலிகளின் தைரொயிட், இரைப்பை என்று பல உறுப்புகளை அவற்றின் சொந்த நிர்ப்பீடனமே தாக்கியது. நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. அந்த சி.டி.25 வேறொன்றுமில்லை, மேலே தம்பிக்குச் சொன்ன இன்டர்லூக்கின்-2 ஐப் பிடிக்கும் வாங்கியின் ஒரு பகுதி. 2001 இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், பிறந்து சில வாரங்களில் செத்துப்போகிற ஒரு நோஞ்சான் எலி இனத்தில் பழுதாகியிருந்த மரபணுவைப் பிடித்தார்கள். அதுதான் ஃபொக்ஸ்பீ3. எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண் எலிகளுக்குத்தான் நோய். அதே மரபணு பழுதானால் மனிதரிலும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, ஓயாத வயிற்றோட்டம், தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து வரும். ஒழுங்குபடுத்தும் கலங்களை உருவாக்கும் மூலச் சாவியே ஃபொக்ஸ்பீ3 தான் என்று 2003 இல் தெரியவந்தது. மூன்று பேருக்கும் 2025 பரிசு.

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. 2012 இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளின் ஈரலுக்குள் ஹெபடைட்டிஸ் பியின் மரபுப்பொருளைப் புகுத்தி, ஒழுங்குபடுத்தும் கலங்களைத் தொடக்கத்திலேயே நீக்கிப் பார்த்தார்கள். வைரஸ் சீக்கிரமாகவே ஒழிந்தது. கூடவே ஈரல் சேதமும் கூடியது. அந்தக் கலங்கள் இருந்த எலிகளில் ஈரல் தப்பியது, வைரஸ் ஒழியத்தான் தாமதமானது. இந்த ஒரே சோதனையில் முழு விஷயமும் இருக்கிறது, வகுப்பில் இதையே சொல்லலாம். இதைப் பார்த்தபிறகும் அந்தக் கலங்கள் வைரசின் ஆட்களா நம்முடைய ஆட்களா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? அவை ஈரலின் ஆட்கள்.

மனிதரில் பார்த்ததும் இதற்குப் பொருந்துகிறது. 2005 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில், நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தக் கலங்களின் வீதம், சுகதேகிகளைவிடவும் தொற்று வந்து குணமானவர்களைவிடவும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இரத்தத்தை எடுத்துச் சோதனைக்குழாயில் அந்தக் கலங்களைப் பிரித்துவிட்டால், மிச்சக் கலங்கள் வைரசுக்கு எதிராக முன்னைவிட உற்சாகமாகப் பெருகின. ஆனால் சோதனைக்குழாயில் உடைவதற்கு ஈரல் இல்லையே ரீச்சர். புற்றுநோய்க்கு சி.ரி.எல்.ஏ-4 ஐ மறிக்கும் இபிலிமுமாப் என்ற மருந்து கொடுக்கிறார்கள், தடுப்பை விலக்குவதுதான் அதன் வேலை. அதை எடுத்தவர்களில் கணிசமானோருக்குக் குடலிலும் தோலிலும், சிலருக்கு ஈரலிலும் அழற்சி வருகிறது. ஹெபடைட்டிஸ் பியில் வைரஸ் ஈரல் முழுக்கப் பரவியிருக்கும் ஒருவருக்குத் தடுப்பை ஒரேயடியாக எடுத்துவிட்டால், வைரஸ் உள்ள அத்தனை கலத்தையும் சி.டி.8 கலங்கள் ஒரே நேரத்தில் அடித்து நொறுக்கும். மிஞ்சுவதற்கு ஈரல் வேண்டுமே.

பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். எல்லாப் பழியையும் இந்தக் கலங்களின் தலையில் போட முடியாது. ஈரலில் அழற்சி கூடும்போது அதைத் தணிக்கவே இவை அங்கே வந்து குவிகின்றன, ஆகவே இவை கூடியதால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் இவை கூடினவா என்று இரத்தத்தை மட்டும் எண்ணிப் பிரிக்க முடியாது. அதோடு வருடக்கணக்காக வைரஸ் புரதத்தில் ஊறிக் கிடக்கிற சி.டி.8 கலங்கள் தாங்களாகவே களைத்துப்போகின்றன, பி.டி-1 என்ற புரதம் அவற்றின் மேல் ஏறி நிற்பதுதான் அந்தக் களைப்பின் அடையாளம். விலக்குப் பிடிக்கிறவரை அப்புறப்படுத்தினாலும் களைத்தவன் உடனே எழும்பி அடிக்கமாட்டான்.

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் மருமகளுக்கு இந்த நோய் இருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. தட்டு, கோப்பை எல்லாம் வேறாக வைத்திருக்கிறோம். சரிதானே?

சரியில்லை அம்மா. ஒரே தட்டில் சாப்பிட்டு இது தொற்றாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிறப்பின்போது தாயிடமிருந்தும்தான் தொற்றும். பல்துலக்கும் பிரஷ்ஷும் சவர பிளேட்டும் தனியாக இருக்கட்டும், அது எந்த வீட்டிலும் அப்படித்தானே இருக்க வேண்டும். மகனைப் பரிசோதித்துத் தடுப்பூசி போடுங்கள். மருமகளின் தட்டைத் திரும்ப மற்றத் தட்டுகளோடு சேர்த்து வையுங்கள், இன்றைக்கே.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்: அம்மாவுக்கு 62 வயது, மூட்டுவாதம். ரிட்டுக்சிமாப் ஊசி தொடங்க முன் ஹெபடைட்டிஸ் பிக்கு இரண்டு வகைப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்குச் செங்கமாரி வந்ததே கிடையாது. வீண் செலவா?

வீண் செலவு இல்லவே இல்லை, அந்த டொக்டருக்கு நன்றி சொல்லுங்கள். வளர்ந்தவர்களில் ஹெபடைட்டிஸ் பி பல நேரம் கண் மஞ்சளாகாமலே வந்துபோகும். போய்விட்டது என்று நினைக்கிற உடம்பிலும் அந்த வட்ட டி.என்.ஏ. ஈரலுக்குள் துளியளவு மிஞ்சியிருக்கலாம், அதைத் தலைதூக்க விடாமல் நிர்ப்பீடனத் தொகுதி ஆயுள் முழுக்கக் காவல் இருக்கிறது. ரிட்டுக்சிமாப், சில புற்றுநோய் மருந்துகள், கூடிய அளவில் நீண்ட நாள் ஸ்டீரொயிட் எல்லாம் அந்தக் காவலைக் கலைத்துவிடும். அப்போது வைரஸ் திரும்பவும் பெருகும். மருந்து ஓய்ந்து காவல் திரும்பும்போது பெருகிய வைரசைப் பார்த்துக் கடும் தாக்குதல் நடக்கும், ஈரல் செயலிழந்து உயிர் போனவர்களும் உண்டு. இரண்டு பரிசோதனையில் ஒன்று வைரஸ் இப்போது இருக்கிறதா என்று பார்க்கும் மேற்பரப்பு அன்டிஜன், மற்றது எப்போதாவது தொற்றியதா என்று காட்டும் கோர் அன்டிபொடி. ஏதாவது பொசிட்டிவ் என்றால் ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். ஊசிக்கு முன்பே வைரசுக் குளிசையைத் தொடங்கி, கடைசி ஊசிக்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் தொடரச் சொல்வார்கள். அதை மட்டும் இடையில் விடக் கூடாது.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு வாசகர்: கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தால் ஹெபடைட்டிஸ் பி போய்விடும் என்று இந்தியாவில் நிரூபித்திருக்கிறார்களாம். உண்மையா?

நிரூபித்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1988 இல் சென்னையில் செய்த ஓர் ஆய்வு லான்செட் சஞ்சிகையில் வந்தது. கீழ்க்காய்நெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு அன்டிஜன் மறைந்தது, வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஹெபடைட்டிஸ் பியைக் கண்டுபிடித்து 1976 இல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்கும் அந்த ஆய்வில் ஒருவர், அதனால் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் ஒருமுறை வந்தது எல்லா இடத்திலும் வந்தால்தான் மருந்து.

பிறகு ஏன் ஊரெல்லாம் அதைப் புகழ்கிறார்கள்? சின்னப் பிள்ளைகளுக்கு வரும் செங்கமாரியில் பெரும்பகுதி ஹெபடைட்டிஸ் ஏ, அழுக்குத் தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. அது ஒருபோதும் நாட்பட்டதாகத் தங்காது, சில கிழமையில் தானாகவே மாறிவிடும். அந்தக் கிழமைகளில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர். கைப்பாக இருந்தால் இன்னும் நம்பிக்கை! குடிப்பதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். டெனோஃபோவிரை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பயங்கரம். குளிசையைத் திடீரென்று விட்டால் வைரஸ் பொங்கும், அதைக் கண்டு நிர்ப்பீடனமும் பொங்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் முடியும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பவுடர், சிரப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். வைரஸ் நிறைய இருந்தும் ஈரல் நன்றாக இருப்பதே எதிர்ப்பு அடங்கியிருப்பதால்தான் என்னும்போது எதைக் கூட்டப் போகிறீர்கள்? நல்லவேளை, அந்தப் போத்தல்களில் பலதுக்கு எதையும் கூட்டுகிற சக்தி கிடையாது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி, 12 கிழமை குளிசையில் வைரஸ் முற்றாகப் போய்விட்டது என்றார்கள். சிரோசிஸ் இருந்ததால் தொடர்ந்து ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். வைரஸே இல்லாமல் எதற்கு ஸ்கேன்?

சி வைரஸ் வேறு ஜாதி. அது ஆர்.என்.ஏ. வைரஸ், கலத்தின் கருவுக்குள் எதையும் பதுக்கிவைப்பதில்லை, ஆகையால் குளிசையால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அடியோடு போய்விடுகிறது. குளிசை இல்லாத காலத்தில் தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்குத்தான் தானாகப் போகும், மற்றவர்களுக்குத் தங்கும். அங்கேயும் விலக்குப் பிடிக்கும் கலங்கள் இரத்தத்திலும் ஈரலிலும் கூடித்தான் இருந்தன. வைரஸ் போன பிறகும் இரத்தத்தில் அவை கூடின நிலையிலேயே நின்றதை 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வைரஸ் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடாது. தழும்பும் உடனே கரையாது. சிரோசிஸ் வந்த ஈரலில் புற்றுநோய் வரும் ஆபத்து குறையுமே தவிர இல்லாமல் போகாது, ஆறு மாத ஸ்கேன் அதற்குத்தான். இன்னொன்று, சி திரும்பவும் தொற்றலாம், அதற்குத் தடுப்பூசியும் கிடையாது.

வத்தளையிலிருந்து ஒரு வாசகர்: மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, ஹெபடைட்டிஸ் பி பொசிட்டிவ். பிள்ளைக்கு வராமல் என்ன செய்யலாம்? பால் கொடுக்கலாமா?

பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இப்போதே ஓட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: மனைவியின் டி.என்.ஏ. அளவைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 2,00,000 அலகுக்கு மேல் இருந்தால் 28 ஆவது கிழமையிலிருந்து டெனோஃபோவிர் கொடுப்பார்கள், பிறப்பின்போது பிள்ளைக்குப் போகும் வைரஸ் வெகுவாகக் குறையும். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் தடுப்பூசி, கிடைத்தால் அதோடு வேறு தொடையில் இம்யுனோகுளோபுலின் என்ற, வைரசுக்கு எதிரான தயார்நிலை அன்டிபொடிகள் உள்ள ஊசி. இலங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குள் ஹெபடைட்டிஸ் பியும் இருக்கிறது, ஆனால் உங்கள் பிள்ளைக்கு இரண்டு மாதம் பொறுக்க நேரமில்லை. அந்த முதல் நாள் ஊசி பிறக்கப்போகும் ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எல்லா ஊசியும் முடிந்தபின் ஒன்பதாவது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பிள்ளைக்கு ஒரு இரத்தப் பரிசோதனை.

மருதானையிலிருந்து ஒரு வாசகர்: நான் 1990 இல் பிறந்தவன். தடுப்பூசி போட்டதாக ஞாபகமில்லை. இப்போது போடலாமா? ஏற்கெனவே தொற்றியிருந்தால் அந்த ஊசியே அதைக் குணப்படுத்துமா?

இலங்கையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தேசிய அட்டவணைக்கு வந்தது 2003 இல், ஆகவே உங்கள் வயதுக்காரர் பலருக்குப் போட்டிருக்காது. இப்போதும் போடலாம்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முன்னதாக ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் நல்லது. ஏற்கெனவே வைரஸ் இருப்பவருக்கு அந்த ஊசி உதவாது. ஊசியில் இருப்பது வைரசின் மேற்பரப்புப் புரதம். நாட்பட்ட தொற்று உள்ளவரின் இரத்தத்தில் அதே புரதம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி அடங்கிப்போன கலங்களுக்கு முன்னால் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டுபோய் ஊற்றினால் அவை திரும்பியும் பார்க்கப் போவதில்லை.